பொன்னேட்டுப் புனிதர்கள் கரையிறங்கிய கதை

ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, 1330-களை ஒட்டி இத்தாலியின் பொலோஞா நகரத்துச் சித்திரக்காரர்கள் தோலேட்டில் வரைந்தது. பக்கத்துக்கு நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு காட்சி, பின்னணியெல்லாம் பொன். மற்றது 1586-இல் தமிழில் அச்சேறியது. காகிதமும் கறுப்பு மையும்தான். முதலாவது ஓர் அரச குடும்பத்துக்காகச் செய்தது. இரண்டாவது முத்துக்குளித்துறைப் பரவர்களுக்காகச் செய்தது. இரண்டிலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே: புனிதர்களின் கதை.

சென்ற பகுதியில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயைக் கொண்டுபோய்ப் பத்மநாபபுரத்தில் விட்டோம். அவரிடம் திரும்புவதற்கு முன் ஒரு சுற்றுப்பாதை போகவேண்டியிருக்கிறது. டிலனாய் சொல்லக் கேட்டு வேதத்தில் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் பிள்ளையாகி, வேதசாட்சியாகி, கடைசியில் புனிதரும் ஆனார். அவர் கதையை நம்மூர் மக்கள் எந்த அச்சில் வார்த்தார்கள் என்று தெரியவேண்டுமானால், அந்த அச்சு செய்த இடத்துக்குப் போகவேண்டும். அந்த இடம் ஜெனோவா.

ஜெனோவாவை அடுத்து வராசே என்று ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்க்காரரான யாக்கோபோ, தொமினிக்கன் சபைத் துறவி. 1260-களில் அவர் ஒரு தொகுப்பைச் செய்தார். திருச்சபையின் ஆண்டு வட்டத்தில் எந்தெந்த நாளில் எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ, அந்த வரிசையில் அவர்களின் கதைகளைக் கோத்தார். லத்தீனில் எழுதிய அந்த நூலை மக்கள் 'லெகெண்டா அவ்ரியா', அதாவது பொன் சரிதை என்று அழைத்தார்கள். அச்சு இயந்திரம் வராத காலம். ஆனாலும் ஐரோப்பா முழுக்கப் படியெடுத்துத் தள்ளினார்கள். இன்றைக்கு எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பிரதிகளே ஏறத்தாழ ஆயிரம். அவ்வளவு ஓட்டம் ஓடிய புத்தகங்கள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

யாக்கோபோ பின்னாளில் ஜெனோவாவின் பேராயரானார். 1298-இல் இறந்தார். அதே ஆண்டை ஒட்டி, அதே ஜெனோவாவின் சிறையில் வெனிஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து, தான் சுற்றிய நாடுகளைப் பற்றி இன்னொரு கைதிக்குச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார். மார்க்கோ போலோ. அவர் சொன்ன கதையில் கொல்லமும் வருகிறது, குமரியும் வருகிறது. கொல்லத்து மிளகைச் சொன்னதோடு, அங்கே விளையும் ஒரு சிவப்பு மரத்தையும் அவர் மெச்சுகிறார். நம் வீடுகளில் வெந்நீரில் போட்டு இளஞ்சிவப்பாக்கிக் குடிக்கிறோமே, அந்தப் பதிமுகம்தான். இத்தாலிய வணிகர்கள் அதை 'வெர்சினோ' என்றார்கள். 14-ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் வணிகர் பெகொலோட்டி எழுதிய வணிகக் கையேட்டில் கொல்லத்து வெர்சினோவுக்குத் தனிப் பெயரே உண்டு. உயர்ந்த ரகமும் அதுதான்.

இந்த மரத்துக்கும் புனிதர்களுக்கும் என்ன சம்பந்தம்? இத்தாலியச் சித்திர ஏடுகளில் புனிதர்களின் உடைக்கும் பூவேலைக்கும் தீட்டிய இளஞ்சிவப்பு பெரும்பாலும் இந்த மரச் சாற்றிலிருந்து வந்தது. நீலம் ஆப்கானிஸ்தானத்துப் படக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லைப் பொடித்துச் சலித்தது. பளிச்சென்ற சிவப்பு சாதிலிங்கம். இவற்றைக் குழைக்க முட்டை வெண்கரு அல்லது கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசின். பொன் வேலையைத்தான் முதலில் முடிப்பார்கள். தோலின் மேல் சுண்ணப் பசையை மேடாகப் பூசி, காய்ந்தபின் வாயால் ஊதி ஈரம் ஏற்றி, காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய பொன் தகட்டை அதில் படியவைத்து, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அதன் பிறகுதான் வண்ணம். கொல்லத்துப் பதிமுகமும் படக்‌ஷான் நீலமும் ஒரே ஏட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. யாக்கோபோவின் கதைகள் ஜெனோவாவிலிருந்து நம் கரைக்கு வந்துசேர முந்நூறு வருடம் பிடித்தது. நம் கரையின் நிறம் அதற்கு முன்பே அங்கே போய்விட்டது.

வத்திக்கானில் இருக்கும் அந்தச் சித்திர ஏடு அங்கேரி நாட்டு அரச குடும்பத்துக்காக வரைந்தது. நேப்பிள்ஸ் நகரத்து ஆஞ்சு வம்சத்தின் கிளை ஒன்று அங்கேரிக்குப் போய் ஆண்டது. அவர்கள் இத்தாலியச் சித்திரக்காரர்களைத் தேடியதில் வியப்பில்லை. பொலோஞா பல்கலைக்கழக ஊர். சட்டப் புத்தகங்களைப் படியெடுத்தும் அழகுபடுத்தியும் பழகிய கைகள் அங்கே நிறைய இருந்தன. இந்த ஏட்டில் எழுத்து மிகக் குறைவு. ஒவ்வொரு காட்சிக்கும் ஒற்றை வரி லத்தீன் குறிப்பு, அவ்வளவே. மற்றபடி பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டியதுதான். பிற்காலத்தில் ஏடுகள் சிதறிப்போயின. பெரும்பகுதி வத்திக்கானில், மீதி நியூயார்க், பாரிஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று ஊர் ஊராக. பழைய புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம் என்ற வியாபார புத்தி எந்த நாட்டிலும் உண்டு.

அந்த ஏட்டில் என்னை நிறுத்திவைத்தது பொன் அல்ல. யாக்கோபோவின் தொகுப்பில் வரும் அப்போஸ்தலர்களும் வேதசாட்சிகளும் அதில் இருக்கிறார்கள். அவர்களோடு அங்கேரி மன்னன் லாஸ்லோவும் இருக்கிறான்! 11-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்ற குமான் வீரனைத் துரத்திப் பிடித்துப் பொருதி அவளை மீட்ட கதை அவனுடையது. அங்கேரியின் வேறு சில புனிதர்களும் உண்டு. ரோமின் புனிதர்களுக்கு நடுவே தன் நாட்டு ஆட்களை உட்காரவைக்காமல் அரச குடும்பத்துக்கு மனம் ஆறவில்லை. பொன் சரிதை போன இடமெல்லாம் இதுதான் நடந்தது. பிரதி எடுக்கிற ஒவ்வொரு நாட்டாரும் கடைசியில் தங்கள் ஊர்ப் புனிதருக்கு இரண்டு ஏடு சேர்த்துக்கொண்டார்கள். யாக்கோபோ முடித்துவைத்த புத்தகத்தை யாரும் முடிந்த புத்தகமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் குமரி மாவட்டத்துக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

பொலோஞாக்காரர்கள் இதை வரைந்து பத்துப் பதினைந்து வருடத்துக்குள் ஓர் இத்தாலியர் நம் பக்கம் வந்து சேர்ந்தார். பிளாரன்ஸ் நகரத்துப் பிரான்சிஸ்கன் துறவி ஜொவான்னி தெ மரிஞொல்லி. சீனத்துப் பேரரசரிடம் போப்பாண்டவரின் தூதராகப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், 1340-களின் பின்பாதியில் கொல்லத்தில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் தங்கினார். லத்தீன் வழிபாட்டு முறைக்காரர்களின் புனித ஜார்ஜ் கோயில் ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கோயிலை நல்ல ஓவியங்களால் அழகுபடுத்தினேன் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஜார்ஜ் அரவத்தைக் குத்தும் கதை பொன் சரிதையில் வந்து புகழ்பெற்றது. கொல்லத்துச் சுவரில் அதுதான் இருந்ததா என்று சொல்ல அந்தக் கோயிலே இன்று இல்லை. போப்பின் இலச்சினையும் தன் குடும்ப இலச்சினையும் பொறித்த சலவைக்கல் தூண் ஒன்றை உலகத்தின் மூலையில் நட்டேன் என்றும் மரிஞொல்லி பெருமையடித்துக்கொள்கிறார். உலகத்தின் மூலை என்றதும் அது குமரிமுனைதான் என்று சொல்ல நமக்கு நாக்கு துறுதுறுக்கும். அவர் எழுதியதை அப்படியே படித்தால் அது கொல்லத்துப் பக்கம் என்றுதான் படுகிறது.

மரிஞொல்லியின் ஓவியங்கள் வேர்பிடிக்கவில்லை. கதைகள் நிலைத்து வந்தது வேறு வழியாக.

1521-இல் ஸ்பெயினில் பம்ப்ளோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்தார் ஒரு போர்வீரர். படுக்கையில் பொழுது போகவில்லை. வீரசாகசக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இல்லை. இருந்தவை இரண்டு: கிறிஸ்துவின் வாழ்க்கை, புனிதர்களின் கதைகள். இரண்டாவது, யாக்கோபோவின் பொன் சரிதை ஸ்பானிய மொழியில். படித்து எழுந்தவர் வாளைத் துறந்தார். இயேசு சபையைத் தொடங்கினார். லொயோலா இஞ்ஞாசியார். அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவாவுக்கும், அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். ஜெனோவாக்காரரின் புத்தகம் ஒரு நோயாளியின் கையில் சிக்கியிருக்காவிட்டால், கோட்டாற்றில் சவேரியாருக்குக் கோயில் இருந்திருக்காது; குறும்பனையில் இஞ்ஞாசியாருக்கும் இருந்திருக்காது.

சவேரியாருக்குப் பின் வந்தவர் என்றிக்கே என்றிக்கஸ். போர்ச்சுக்கல்லின் வில்லா விசோசா ஊரில் யூத வழிவந்த குடும்பத்தில் 1520-இல் பிறந்தவர். நம்மவர் வாயில் அண்டிரிக்கி அடிகளார். 1547 முதல் 1600-இல் சாகும்வரை தென்கரையே அவர் வாழ்வு. தமிழ் பேசக் கற்று, இலக்கணம் எழுதி, பிறகு அச்சுக்கும் வந்தார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586-இல் 'ஃபிளோஸ் சாங்தோரும்'. தமிழில் அடியார் வரலாறு என்போம். புன்னைக்காயலில் அச்சானது என்பது பலர் கருத்து. முதல் நூலின் 16 பக்கத்தோடு ஒப்பிட்டால் இது அறுநூறு பக்கம் தாண்டிய பூதம். அச்சு வேலைக்கு 400 குருசாது பணத்தைப் பரவர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கரையில் முத்து எடுத்தவர்களின் காசில் தமிழின் முதல் பெரிய அச்சு நூல் வந்தது.

அது நேரே யாக்கோபோவின் மொழிபெயர்ப்பு அல்ல. போர்ச்சுக்கல்லிலும் ஸ்பெயினிலும் அதே பெயரில் வழங்கிய புனிதர் நூல்களின் வார்ப்பு. அந்த நூல்களின் தாய்வேர் பொன் சரிதை. ஜெனோவாவிலிருந்து கிளம்பிய கதை லிஸ்பன் வழியாகச் சுற்றிக்கொண்டு கரையேறியது என்று சொன்னால் தவறில்லை. பின்னர் அந்தத் தமிழ்ப் புத்தகமே மறைந்துபோயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகள் வத்திக்கானில் அதைக் கண்டு தமிழுலகுக்குச் சொல்ல, இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே மறுபதிப்புக் கொண்டுவந்தார். நானூறு ஆண்டுப் பழைய கடற்கரைத் தமிழைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் புரட்டவேண்டும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1544 கடைசியில் சவேரியார் பூவாறிலிருந்து பள்ளம் வரை முக்குவர் ஊர்களில் நடந்து ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார். 1545 சனவரியில் அவர் எழுதிய கடிதமே சாட்சி. இன்று அதே சாலையில் பேருந்தில் போனால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் பொன் சரிதையின் பொருளடக்கத்தைப் படிப்பதுபோல இருக்கும். தூத்தூரில் தோமையார். இனயத்தில் ஹெலன். கொடிமுனையில் மிக்கேல் அதிதூதர். கொட்டில்பாட்டில் அலெக்ஸ். கடியபட்டணத்தில் பேதுருவும் பவுலும். பள்ளத்தில் மத்தேயு. எவரையும் விட்டுவிடக்கூடாது என்று முட்டத்துக்காரர்கள் சகல புனிதர்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள்.

இவர்களில் இருவரைச் சற்று நின்று பார்க்கலாம். ஹெலன், கான்ஸ்டன்டைன் பேரரசனின் தாய். எருசலேமில் மண்ணைத் தோண்டி மூன்று சிலுவைகளை எடுத்தாள், எது இயேசுவின் சிலுவை என்று தெரியாமல் இறந்த ஒருவன்மேல் வைத்துப் பார்த்தாள், மெய்ச்சிலுவை பட்டதும் அவன் எழுந்தான் என்பது கதை. இத்தாலியில் சுவர் சுவராக வரைந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு வாலும் உண்டு. சிலுவையோடு கிடைத்த ஆணிகளில் ஒன்றை, கப்பல்களை விழுங்கிவந்த ஏட்ரியாட்டிக் கடலில் போட்டாள், அன்றுமுதல் அந்தக் கடல் அடங்கிற்று என்று யாக்கோபோ பழைய ஆசிரியர் ஒருவரை மேற்கோள் காட்டி எழுதுகிறார். ஆனி ஆடியில் இனயத்துக் கடல் குமுறுவதைப் பார்த்தவர்களுக்கு, கையில் ஒரு ஆணி மிச்சம் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

அலெக்ஸ் ரோமாபுரிப் பிரபுவின் மகன். கலியாண இரவிலேயே மணப்பெண்ணை விட்டுக் கிளம்பி, எடெஸ்ஸா நகரில் பதினேழு வருடம் பிச்சை எடுத்தான். திரும்பி வந்து, தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் யாரும் அடையாளம் காணாத பரதேசியாக இன்னொரு பதினேழு வருடம் கிடந்தான்; வேலைக்காரர்கள் கழுவுநீரைத் தலையில் ஊற்றினார்கள். செத்தபின் கையில் இருந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் தகப்பன் கதறினான். ரோமில் புனித கிளமெண்ட் கோயிலின் நிலவறைச் சுவரில் 11-ஆம் நூற்றாண்டுப் படமாக இதை இன்றும் பார்க்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் செட்டியார் ஒருவர் செல்வத்தை உதறிக் கோவணத்தோடு போன கதையைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு அலெக்ஸ் அந்நியன் இல்லை. 2004 சுனாமியில் பேரிழப்புக் கண்ட கொட்டில்பாட்டில் அந்தப் பரதேசிதான் இன்னும் காவல்.

பொன் ஏடு நமக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதைகள் ஆட்டத்துக்குப் போயின. கொம்புகளுக்கு நடுவே சிலுவை தாங்கிய மானைக் காட்டில் கண்டு மனம் திரும்பிய எஸ்தாக்கியாரை இத்தாலியர் வரைந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் எஸ்தாக்கியார் நாடகம் ஆடினார்கள். 1647-லேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பேதுருப்புலவர் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கதையைக் கண்முன் நிறுத்தவேண்டும் என்ற தேவை இரண்டு பக்கமும் ஒன்றுதான். நம்மிடம் பொன் தகட்டுக்குக் காசில்லை; விடிய விடிய ஆட ஆள் இருந்தது.

அங்கேரிக்காரர்கள் செய்ததை நாமும் செய்தோம். சொந்தப் புனிதர்களைச் சேர்த்தோம். முதல் ஆள் சவேரியார். 1544 சூனில் வடுகப் படை குமரிக் கரை ஊர்களில் புகுந்தது. சனங்கள் கடற்பாறைகளுக்கு ஓடிப் பசியிலும் வெயிலிலும் கிடந்தார்கள். அரிசியும் தண்ணீரும் ஏற்றிய இருபது தோணிகளோடு சவேரியார் கிளம்பினார். எட்டு நாள் கடலில் போராடியும் எதிர்காற்று விடவில்லை, திரும்பிவிட்டார். பிறகு தரை வழியே நடந்து போய்ப் பார்த்தபோது கண்ட அவலத்தைத் தோழர் மன்சிலாசுக்கு எழுதினார். கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான். கோட்டாற்றுக் கதையோ வேறு: சிலுவையை உயர்த்திப் பிடித்துத் தன்னந்தனியாக நின்றார், படை மிரண்டு பின்வாங்கியது, வேணாட்டு மன்னர் மகிழ்ந்து அவரை வலிய பாதிரி என்றார், கோட்டாற்றில் கோயிலுக்கு இடம் தந்தார். என்னைக் கேட்டால், எதிர்காற்றில் தோற்றுத் திரும்பியும் விடாமல் நடந்துபோன மனிதர்தான் பெரியவர். ஆனால் தேரில் ஏற்ற மக்களுக்கு வெற்றி வேண்டும். டிசம்பர் 3-ஆம் தேதித் திருநாளை ஒட்டி, மாவட்டமே விடுமுறையில் இருக்க, தேரின் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்களிடம் போய் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டிப் பயனில்லை.

அடுத்தவர் தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பரஞ்சோதிநாதர், ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி என்ற இத்தாலியர். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நான்கு வருடத்துக்குள், 1756-இல், கொச்சி ஆயர் ரோமுக்கு இதை எழுதிவிட்டார். இவை ஆவணம். ஆவணத்துக்கு வெளியே மக்கள் சேர்த்தவை வேறு. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் முழங்கையால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது. அது முட்டிடிச்சான் பாறை. பெருவிளையில் அவரைக் கட்டிப்போட்ட வேப்பமரத்தின் இலை நோய் தீர்த்தது. சுட்டபோது மலையில் ஒரு கல் விழுந்து மணிபோல் ஒலித்தது. அது மணியடிச்சான் பாறை.

பொன் சரிதையில் போப் கிளமெண்ட் கதையைத் திறந்தால், நாடுகடத்தப்பட்டுக் கல் வெட்டும் கைதிகள் தாகத்தில் தவிக்க, ஓர் ஆட்டுக்குட்டி கால் தூக்கிக் காட்டிய இடத்தில் அவர் வெட்ட, ஊற்று பீறிடுகிறது. திருச்செந்தூரில் படைவீரர் தாகம் தீர முருகன் வேலால் எழுப்பிய நாழிக்கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டில் எது மூலம் என்று வழக்காடுவது வீண். புலியூர்க்குறிச்சிக்காரர்கள் இரண்டையும் கேட்டவர்கள். தங்கள் ஆளின் கதையில் ஊற்று இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2022 மே 15-இல் ரோமில் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அன்று முதல் திருச்சபையின் ஆண்டு வட்டத்தில் நட்டாலத்துக்காரருக்கும் ஒரு நாள் உண்டு. யாக்கோபோவின் வரிசையில், லாஸ்லோ மன்னனுக்குப் பல நூற்றாண்டு தள்ளி, நாஞ்சில் நாடும் ஓர் ஏடு சேர்த்துவிட்டது. அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கிறது.

அங்கேரியின் ஏடு சிதறினாலும் பத்திரமாக இருக்கிறது. நம் நாடக ஏடுகளின் நிலை அப்படியில்லை. தேவசகாயம் பிள்ளை நாடகம், எஸ்தாக்கியார் நாடகம், அம்மானை என்று ஓலையாகவோ கையெழுத்து நோட்டாகவோ உங்கள் வீட்டுப் பெட்டியில், அண்ணாவியார் குடும்பத்துப் பரணில் ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்; ஒரு படியைப் பங்கிலோ பக்கத்து நூலகத்திலோ கொடுங்கள். அடுத்த பகுதியில் டிலனாயும் உதயகிரிக் கோட்டையும்.